நாலாவது கூடையைத் திருப்பலாமா?

போன வாரம் காலனி செக்ரட்டரி என்னை வழியில் பிடித்துக்கொண்டார்.

“நீங்க ஆபீஸ்ல பிளான் வரையற ஆளு. பார்க்ல அந்தப் பொண்ணு கூடை கட்டி வெச்சிருக்கே... அது சரியா இருக்கானு பார்த்துச் சொல்லுங்க. இல்லேன்னா எல்லாத்தையும் பிடுங்கிடலாம்.”

பொண்ணு என்றது செல்வியை. பரமக்குடிப் பக்கம். கல்யாணமாகி, கப்பலில் வந்து இந்தத் தீவில் இறங்கி ஆறேழு மாதம் இருக்கும். கணவர் முருகேசனுக்கு, ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து புறப்படும் தீவுப் படகில் இன்ஜின் ரூம் வேலை. லாங் ஐலண்ட் தீவு, அதற்கும் அப்பால் என்று போய்விடுவார்.

படகு ரிப்பேருக்காகக் கல்கத்தா போனபோது வேலிக்கு வெளியே நின்று கோல்ஃப் பார்த்தாராம். வரும்போது, வீசி விளையாடும் பிளாஸ்டிக் தட்டு ஒன்று வாங்கி வந்தார். மிச்சமெல்லாம் செல்வியின் மூளை! பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் கம்பத்தில் கட்டிய பிரம்புக் கூடை. ஒரு கல்லின் மேல் நின்று வீச வேண்டும். குறைந்த வீச்சில் கூடைக்குள் போட்டவர் ஜெயித்தார்.

பிடுங்குவானேன்? சைக்கிளில் போன ஒருவரின் தோளில் தட்டு உரசிவிட்டது. விழுந்திருந்தால்...

ஞாயிறு காலை நானும் செல்வியோடு ஆடிப் பார்த்தேன். முதல் கூடை படாக் மரத்துக்குப் பின்னால் — வளைத்து வீசினால்தான் கிடைக்கும். இரண்டாவது சரிவில். மூன்றாவதில் கடல் காற்று என் தட்டைத் திருப்பி என்னிடமே அனுப்பியது. சபாஷ்!

நாலாவதுதான் வம்பு. நின்று வீசும் கல் சைக்கிள் போகும் பாதைக்கு இந்தப் பக்கம்; கூடை அந்தப் பக்கம், மாலா பௌதி வீட்டு வேலியை ஒட்டி. பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. காலனிக்கே அவர் அண்ணி.

“இந்தக் கூடையைப் பாதைக்கு இந்தப் பக்கமாத் திருப்பி வெச்சிடும்மா. தீர்ந்தது பிரச்சினை.”

செல்வியின் முகம் வாடிவிட்டது.

“திருப்பிட்டா தட்டு அவங்க வீட்டுக்குள்ள விழாதே சார்.”

“அதுக்குத்தானே சொல்றேன்!”

“விழுந்தாத்தான சார், நான் அங்கிட்டுப் போயிக் கேக்க முடியும்?”

அவளே சொன்னாள்:

“வந்த புதுசுல ஒரு வார்த்த ஹிந்தி தெரியாது. அவுக படகுக்குப் போயிட்டா பேச ஆளில்ல. மொதத் தடவ தட்டு விழுந்தப்ப, அவுக சொல்லிக்குடுத்த மாதிரி ‘தாலி தே தோ’ன்னு கேட்டேன். பௌதி ஒரு தட்டு நெறையச் சோறும் மீனும் கொண்டாந்துட்டாங்க!”

ஹிந்தியில் தாலி என்றால் சாப்பிடும் தட்டு; தே தோ என்றால் கொடு. வாசலில் நின்று ஒரு பெண் அதைக் கேட்டால் வேறென்ன செய்வார், பாவம்?

“நீ என்ன பண்ணினே?”

“சாப்பிட்டுட்டுத்தான் சார் வந்தேன்.”

கூடையை நான் தொடவில்லை. கல்லை மட்டும் பெயர்த்துப் பாதைக்கு அந்தப் பக்கமே போட்டோம். இனி சைக்கிளுக்குப் பயமில்லை. ஆபத்தை நீக்கலாம். தொந்தரவையும் சேர்த்து நீக்கிவிட்டால், அக்கம்பக்கம் என்று என்ன மிஞ்சும்... சொல்லுங்கள்?

சாயங்காலம் காலனி கமிட்டிக் கூட்டத்தில் செக்ரட்டரிக்குத் திருப்தியில்லை. பௌதியிடம் திரும்பி, இன்னமும் உங்கள் வீட்டில்தானே விழும் என்று ஹிந்தியில் கேட்டார்.

“அரே, கிர்னே தோ!” என்றார் பௌதி. விழட்டுமே!

கூடைகள் பிழைத்தன.

நேற்று பௌதியும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட வந்துவிட்டார். அவர் வீசிய வேகத்தில் தட்டு பார்க்கையே தாண்டி, என் பக்கத்து வீட்டுக்குள் போய் விழுந்தது. நாலு வருஷமாக அங்கே ஒரு தெலுங்குக் குடும்பம் இருக்கிறது.

கேட் வரை ஓடிய செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“சார், தெலுங்குல தட்டுக்கு என்ன சார்?”

எனக்குத் தெரியவில்லை!