சுவீடன் பயணம், ஒரத்தநாடு வரை

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் குத்தாலம் கடைத்தெருவில், மோட்டார் காயில் கட்டும் என் கடை வாசலில் இருந்தவர்கள் நான்கே பேர்: நான், என் மனைவி மல்லிகா, அவள் தம்பி குமரேசன், அவனோடு கல்லூரியில் படித்த மயிலாடுதுறை ஜெபசிங். மல்லிகா வழியனுப்ப வந்தவள். பத்துப் பேர் கும்பலாகக் குடித்துவிட்டுப் புறப்பட்டோம் என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மோட்டார் சைக்கிள், மூன்று பேர். குடித்தது டீ, தலைக்குப் பதினைந்து ரூபாய்.

நாங்கள் போக நினைத்தது சுவீடனும் நார்வேயும். அன்று போனது அதற்கான ஒத்திகை.

குமரேசன் சுவீடனில், கோதன்பர்க் நகரத்தில் வேலை பார்க்கிறான்; பொங்கல் லீவுக்கு வந்திருந்தான். திட்டம் அவனுடையது. ஜூன் மாதம் அங்கே மூன்று வண்டி வாடகைக்கு எடுத்து, பெரிய சாலையைத் தொடாமல், காட்டுக்குள் ஓடும் சரளைக்கல் ரோடு வழியாக வடக்கே ஏறி, நார்வேக்குள் புகுந்து கடலோரமாகத் திரும்புவது. மொத்தம் 2,900 கிலோமீட்டர். யாருடைய காட்டிலும் ஓர் இரவு கூடாரம் அடிக்கலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை என்றான். நம் பக்கத்தில் அடுத்தவன் வரப்பில் கொஞ்ச நேரம் நின்றால் சர்வே நம்பர் வரைக்கும் பேச்சுப் போய்விடும். எனக்கு அந்தக் காடு கனவில் வர ஆரம்பித்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நாற்பத்தாறு வயதில் பெங்களூரைத் தாண்டியதில்லை. இந்தப் பயணத்துக்காகவே சீட்டு கட்டி எடுத்த ஒரு லட்சத்து அறுபதாயிரம் கையில் இருந்தது. அதோடு பயமும் இருந்தது. டயர் வெடித்தால்? மான் குறுக்கே பாய்ந்தால்? போலீஸ் பிடித்தால் எந்தப் பாஷையில் பதில் சொல்வது? நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, ஜெபசிங் எனக்கு 'கேள்வித்தாள்' என்று பேர் வைத்துவிட்டான்.

காலை 7.10, கும்பகோணம். காவிரிக் கரையோரக் கிராம ரோடுகளில் சுற்றி வந்ததில் 31 கிலோமீட்டர். ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். அறுவடை இயந்திரம் ஒன்று எதிரே வந்தபோது மூன்று பேரும் வயலில் இறங்கி நின்று வழிவிட்டோம். என் பின்பக்க மூட்டை மட்டும் இரண்டு தடவை அவிழ்ந்தது. கூடாரத்தோடு நாற்பது கிலோ கட்டிக்கொண்டு ஓட்டிப் பழக வேண்டும் என்பதற்காக ஆளுக்கு ஒரு அரிசி மூட்டை ஏற்றியிருந்தோம்.

காலை 9.00, தஞ்சாவூர். இட்லி, பொங்கல், காபி, மூன்று பேருக்கும் 340 ரூபாய். குமரேசன் கொடுத்தான். அங்கே இதே சாப்பாட்டு விலைக்கு ஒரு காபிதான் வரும், அதனால் நாமே சமைக்கிறோம் என்றான். எனக்கு அதுவும் பயமாகத்தான் இருந்தது, ஆனால் கேட்கவில்லை.

காலை 10.15. புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயின் கரையில் ஏறினோம். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கரை வழியே ஒரத்தநாடு தாண்டிப் பட்டுக்கோட்டை போய், தென்னந்தோப்பில் கூடாரம் அடித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. குமரேசன் வண்டியை நிறுத்தினான்.

"இனிமே எல்லாரும் வலது பக்கம். அங்க அப்படித்தான். இப்பவே பழகிக்கணும்."

வலது பக்கம் போவது நமக்குச் சரி, எதிரே வருகிறவருக்கு நாம் சுவீடனில் இருக்கிறோம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஜெபசிங் வண்டியில் படுத்துச் சிரித்தான். குமரேசன் சிரிக்கவில்லை.

"சுவீடனே ஒரு காலத்துல நம்மள மாதிரி இடது பக்கம்தான் மாமா ஓட்டுனாங்க. ஒரே நாள்ல ஒரு நாடே பக்கம் மாறிடுச்சு. உங்களால ஒரு ஆத்தங்கரையில மாற முடியலையா?"

ஒரு நாடே மாறினால் எதிரே வருகிறவனும் மாறியிருப்பான். அந்தப் பதில் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

குமரேசன் முன்னால், ஜெபசிங் நடுவில், நான் கடைசி. ஏழெட்டுக் கிலோமீட்டர் யாரும் எதிரே வரவில்லை. எனக்கே கை கொஞ்சம் பழகியது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவும் இருந்தது. பக்கத்தில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, இது அந்த ஊர் ஏரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மதகுக்கு அப்பால் கரை வளைகிறது. அந்த வளைவில் பெரியவர் ஒருவர் மொபெட்டில், அவர் வரவேண்டிய பக்கத்தில், சரியாக வந்தார். குமரேசனைக் கண்டதும் அவர் பதறி மறுபக்கம் ஒடித்தார். அதே நொடியில் குமரேசனின் கை, இருபது வருஷப் பழக்கத்தில், இடதுபக்கம் ஒடித்தது. இரண்டு பேரும் ஒரே பக்கத்துக்கு வந்து மோதினார்கள்.

குமரேசனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. பெரியவரின் வலது கை முழங்கைக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. பேர் கோவிந்தசாமி. சம்பா அறுக்கும் முன் வயலில் தெளிக்க உளுந்து விதை கொண்டுபோய்க்கொண்டிருந்தவர். பை கிழிந்து உளுந்து ரோடெல்லாம் சிதறியிருந்தது. அவர் இடது கையால் அதைக் கூட்டிக்கொண்டே கேட்டார்:

"ஏன் தம்பி, எந்தப் பக்கமா வந்தீங்க?"

பக்கத்து வயலில் இருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். அவர் மகனும் வந்தான். குமரேசன் என்னைத் தனியே அழைத்தான். அவனுக்கு வியாழக்கிழமை விமானம். கேஸ் என்று ஆனால் பயணம் நிற்கும், வேலை போகும்.

"மாமா, நீங்க முன்ன நின்னு பேசுங்க. நீங்க உள்ளூர்க்காரரு, உங்களை நம்புவாங்க. எவ்ளோன்னாலும் போனதும் போட்டுடறேன்."

நான் முன்னே நின்றேன். கையில் தகடு வைக்க 72,000. மொபெட்டுக்கு 6,500. இரண்டு மாதம் வேலை செய்ய முடியாததற்கு 20,000. ஆக 98,500 என்று அன்றே தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பேசி முடித்தார்கள்; இருபதாயிரத்தை மட்டும் தவணையில் தருவதாகப் பேச்சு. என் கடை விலாசம், போன் நம்பர், வண்டியின் ஆர்.சி. எல்லாம் அவர் மகனிடம் போயின. என் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, வாடகைக் காரில் அவரை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் போனவனும் நான்தான். மற்ற இருவரும் பெரிய ரோடு பிடித்து, இடது பக்கமாகவே, வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

பணம் என் சீட்டுப் பணத்தில் இருந்து போனது. மிச்சம் இருந்ததில் விமான டிக்கெட்டுக்கே போதவில்லை. குமரேசன் ஊர் போய் இரண்டாம் மாதம் 15,000 அனுப்பினான். அதன் பிறகு வாடகை கூடிவிட்டது, வரி பிடித்துவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாக வந்தது. நான் ஒருநாள் போனை எடுத்தபோது மல்லிகா கையைப் பிடித்தாள்.

"எந்தம்பிகிட்ட நீங்களா காசு கேட்டீங்கன்னா, அப்புறம் எங்கம்மா வீட்டு வாசப்படிய நான் எப்படி மிதிக்கிறது?"

நான் போனை வைத்துவிட்டேன்.

ஜூன் மாதம் அவர்கள் போனார்கள். ஜெபசிங்கும் குமரேசனும், இரண்டு வண்டி. வீடியோ வந்தது. இரு பக்கமும் வெள்ளைப் பட்டை மரங்கள், நடுவே சரளைக்கல் ரோடு, ஆள் இல்லை, மாடு இல்லை, ரோட்டில் ஒரு மணி நெல் இல்லை. வலது ஓரமாக ஓட்டிக்கொண்டு ஜெபசிங் பேசுகிறான்: "கேள்வித்தாள் வந்திருந்தா இந்த ரோட்டுக்கே ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாரு." பின்னால் குமரேசன் சிரிப்பது கேட்கிறது.

அதற்கு மறுநாள் பேருந்தில் ஒரத்தநாடு போனேன். கோவிந்தசாமிக்குக் கடைசித் தவணை எட்டாயிரம் கொடுக்க வேண்டியிருந்தது. தகடு வைத்த கையில் பிடி வரவில்லை. ஆக்சிலரேட்டர் வலது கையில் என்பதால் மொபெட்டை விட்டுவிட்டார், மருமகள் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வயலுக்குப் போகிறார். பணத்தை இடது கையில் வாங்க மனசில்லாமல், திண்டாடி இரண்டு கையும் சேர்த்து வாங்கினார்.

"வெளிநாட்டுக்குப் போறதா சொன்னீங்களே, போயிட்டு வந்துட்டீங்களா?"

போகவில்லை என்றேன்.

"அப்ப அந்தத் தம்பி?"

அவன் போயிருக்கிறான், நன்றாக ஓட்டுகிறானாம் என்றேன். அவர் கையைத் தடவிக்கொண்டே ஆற்றைப் பார்த்தார். திரும்பும்போது, கரை ரோட்டில் போகும் பேருந்து அந்த மதகைத் தாண்டியது. வளைவுக்கு முன்பே டிரைவர் ஹாரன் அடித்து இடது பக்கம் ஒதுங்கினார். நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கோவிந்தசாமிக்கு நான் தர வேண்டியது ஒன்றுமில்லை. குமரேசன் எனக்குத் தர வேண்டியது, இதை எழுதும் நாள் வரை, ரூபாய் 83,500.