துரையின் ஐந்தாவது குண்டு

ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தோள் கெட்டுப் போனது. அதன் பிறகு துப்பாக்கி மைதானத்தில் வேலை கிடைத்தது. ஊர் ஓரத்துத் தாமுவே பேட்டை தாண்டிச் சதுப்பு ஓரம். வேலைக்கு மார்க்கர் என்று பெயர்.

சுடுகிறவர்கள் ஒரு கோடியில் படுத்திருப்பார்கள். இருநூறு கஜம் தள்ளி ஒரு மண் மேடு. மேட்டுக்கு முன்னால் குழி. குழிக்குள் நாங்கள் இரண்டு பேர். தலைக்கு மேலே ஆளுக்கொரு பலகை நிற்கும். பலகை என்று சொல்வதுதான். சட்டத்தில் கித்தான் இழுத்துக் கட்டி மேலே காகிதம் ஒட்டியது. வெடி கேட்டதும் அதை இறக்கி, குண்டு பட்ட இடத்தைப் பார்த்து, மறுபடி ஏற்ற வேண்டும். நடுக் கறுப்பில் பட்டிருந்தால் கம்பில் வெள்ளைத் தட்டு. வளையத்தில் பட்டிருந்தால் கறுப்புத் தட்டு. படவே இல்லை என்றால் சிவப்புக் கொடியை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும். ஒருவர் ஐந்து குண்டு சுட்டு முடித்ததும் ஓட்டைகளைக் காகிதமும் கஞ்சிப் பசையும் வைத்து அடைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வேலையோடு ஓர் அறை கொடுத்தார்கள். தகரக் கூரை. கதவு உண்டு, பூட்டு உண்டு. அறை கிடைத்த மாதமே சம்சாரத்தை வரச் சொல்லி ஊருக்குக் கடிதம் போட்டேன். அவள் வியாழக்கிழமை கப்பலில் வருவதாக இருந்தது. நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேர் வருவார்கள். மூவருக்கும் பழைய பட்டாளத் துப்பாக்கி என்றால் பைத்தியம். ஒருவர் அரிசி மில் துரை. மைதானமும் என் அறையும் அவர் பொறுப்பில் இருந்தன. இன்னொருவர் ரயில் டிரைவர், சட்டைக்காரர் என்கிற ஆங்கிலோ இந்தியர், மதராஸில் பிறந்தவர். மூன்றாமவர் இரும்புக்கடை பாய், நம் ஊர்ப்பக்கம். ஆளுக்கு இரண்டு மூன்று துப்பாக்கி கொண்டு வந்து ஜமுக்காளத்தில் வரிசையாக வைப்பார்கள். ஒருவர் துப்பாக்கியை மற்றவர் எடுத்துச் சுடுவார். கட்டையைத் தடவுவார்கள். குழாய் வாய்க்குள் எட்டிப் பார்ப்பார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான்.

அதில் ஸ்னைடர் என்ற பெரிய குண்டுத் துப்பாக்கி மட்டும் மூவருக்கும் பொது. மாண்டலேயை வெள்ளைக்காரன் பிடித்த காலத்துச் சாமான். வருஷம் ஒரு முறை மூவரும் அதை வைத்தே ஐந்து ஐந்து குண்டு சுடுவார்கள். ஜெயித்தவர் வீட்டில் அது ஒரு வருஷம் இருக்கும். மூன்று வருஷமாகப் பாய் வீட்டில் இருந்தது. துரை தம் வீட்டுச் சுவரில் அதற்கு இரண்டு ஆணி அடித்து வைத்திருந்தார் என்று சமையல்காரன் சொன்னான்.

அன்று அந்தப் போட்டி. டிரைவர் முதலில் சுட்டுத் தோற்றார். பாய் நான்கு கறுப்பு, ஒரு வளையம். துரை நான்கு சுட்டார். நான்கும் கறுப்பு. ஐந்தாவது கறுப்பில் பட்டால் ஆணிக்கு வேலை வரும். தவறினால் துப்பாக்கி பாய் வீட்டுக்கே திரும்பும்.

டிரைவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை போலிருக்கிறது. பக்கத்துப் பலகையைச் சுட வேறொரு துப்பாக்கியோடு படுத்துக்கொண்டார். அது சின்னக் குண்டுத் துப்பாக்கி.

இரண்டு வெடி சேர்ந்தாற்போல் கேட்டது. ஸ்னைடர் சத்தம் கதவை அறைந்த மாதிரி. மற்றது சாட்டை மாதிரி. எங்களுக்குப் பின்னால் மேட்டில், பலகைக்கு மேலே ஒரு முழம் தள்ளி, ஒரு கூடை மண் பறந்தது. பலகையை இறக்கினேன். கறுப்பில் ஐந்து ஓட்டை இருந்தது. நான்கில் என் நடுவிரல் போனது. ஐந்தாவதில் பீடிதான் போனது.

பக்கத்துப் பலகைக்கு ஒரு தஞ்சாவூர்க்காரர். அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் பலகையில் ஓர் ஓட்டையும் இல்லை.

"அண்ணே, இது சின்ன ஓட்டை."

"ஓட்டையில என்னடா சின்னது பெருசு? துரை சுட்டாரு. கறுப்புல ஓட்டை இருக்கு. வெள்ளைத் தட்டைத் தூக்கு."

"துரை குண்டு மேட்டுல போச்சு."

"நீ கூடவே போயிப் பாத்தியா?"

"மண்ணு பறந்துச்சு."

"பறக்கட்டும். உம் பொண்டாட்டி கப்பல்ல வர்றா."

"தெரியும்."

"கப்பலைத் திருப்ப முடியாதுடா."

"தெரியும்ணே."

"அப்பத் தட்டைத் தூக்கு."

நான் சிவப்புக் கொடியை ஆட்டினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. விரல் போகவில்லை. அவ்வளவுதான்.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கோடியில் விசில் ஊதினார்கள். மூன்று பேரும் நடந்து வந்தார்கள். இருநூறு கஜம் நடக்க நேரமாகும். அதற்குள் அண்ணன் இரண்டு பீடி குடித்தார். எனக்கு ஒன்று கொடுத்தார். இதற்கு முன் கொடுத்ததில்லை.

துரை குழி ஓரம் நின்று இங்கிலீஷில் ஏதோ கேட்டார். டிரைவர் தமிழில் சொன்னார்.

"ஏய் மேன், துரை கேக்கறாரு, உனுக்கு கண்ணு அவிஞ்சு போச்சா?"

"இல்லீங்க."

"அப்ப பாய் எவ்ளோ குடுத்தான்? நீயும் தமிழன், அவனும் தமிழன்."

பாய் குடையை மடக்கினார். "நான் இதுல வாயத் தொறக்க மாட்டேன்பா. நான் ஜெயிக்கிற கட்சி."

நான் ஸ்னைடர் குண்டு ஒன்று கேட்டேன். துரை பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முதல் ஓட்டையில் வைத்தேன். போனது. இரண்டு, மூன்று, நான்கு, எல்லாவற்றிலும் போனது. ஐந்தாவதில் மூக்கு மட்டும் நுழைந்து நின்றது. பிறகு மேட்டில் மண் பறந்த இடத்தைக் காட்டினேன்.

டிரைவர் முகம் சிவந்துவிட்டது. "நான் என் பலகையத்தான் சுட்டேன், மேன்."

"உங்க பலகையில ஒரு ஓட்டையும் இல்லீங்களே," என்றார் அண்ணன். "வெளக்கி வச்ச தட்டு மாதிரி இருக்கு."

வாய் திறக்க மாட்டேன் என்ற பாய் திறந்தார். "ஏங்காணும், நாளைக்கு மாண்டலே வண்டிய எந்தத் தண்டவாளத்துல விடப் போறீரு?"

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் மட்டும் இருமினார். துரை குண்டைக் கேட்டு வாங்கி அவரும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். போகவில்லை. மோட்டாருக்கு நடந்தார். பாய் ஸ்னைடரை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை துரையின் பியூன் வந்து அறைச் சாவியைக் கேட்டான். கொடுத்தேன். படுக்கையைச் சுருட்டினேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பானை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுத் தாமுவேயில் இடம் தேடப் போனேன். மூன்று வீட்டில் கேட்டேன். பெண்டாட்டி வருகிறாள் என்றதும் இரண்டு வீட்டில் இடமில்லை என்றார்கள். மூன்றாவதில் அடுத்த மாதம் வா என்றார்கள். கப்பலுக்கு மூன்று நாள் இருந்தது.

சாயங்காலம் திரும்பினேன். அறை திறந்திருந்தது. உள்ளே சுவரில் துரை சுட்ட அந்தப் பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஓட்டைகளை அடைக்கவில்லை. பியூன் என் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான்.

"மழை படாத எடம் இது ஒண்ணுதானாம். பலகை இங்கயே இருக்கணும். ஒட்டக் கூடாது, கிழிக்கக் கூடாது. துரை சொன்னாரு."

"யாரு பாத்துக்கறது?"

"நீதான். வேற யாரு?"

சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். நான் பானையை உள்ளே எடுத்து வைத்தேன்.

வியாழக்கிழமை சம்சாரம் வந்தாள். பலகையைப் பார்த்து இது என்ன என்றாள். துரை சுட்டது என்றேன்.

"அஞ்சுமா?"

"நாலு."

 பலகையை நகர்த்தி அடுப்புக்கு மறைப்பாக வைத்துக்கொண்டாள்.

வருஷா வருஷம் போட்டி முடிந்ததும் மூவரும் எங்கள் வாசலுக்கு வந்து பலகையைப் பார்ப்பார்கள். துரை ஐந்தாவது ஓட்டையில் குண்டை வைத்துப் பார்ப்பார். டிரைவர் வானத்தைப் பார்ப்பார். மூன்றாம் வருஷம் கறுப்புக்குள்ளேயே, வளையத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஓட்டை இருந்தது. துரை அதில் குண்டை வைத்தார். நன்றாகப் போனது. திரும்பி என்னைப் பார்த்தார். அடுப்புப் பக்கம் சம்சாரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பேசாதே என்று கண்ணைக் காட்டினாள்.

"எலி," என்றேன். "கஞ்சிப் பசைக்காகக் கடிச்சிருக்குங்க."

துரை குண்டைப் பையில் போட்டுக்கொண்டார்.