அப்பா மாடலாக உட்கார்ந்த நாள்

என் அப்பாவின் முகம் எனக்கு மறந்துபோனது. ஆண்டவருக்குள் அன்பானவர்களே, உங்கள் முன்னால் இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. முகம் வரையத்தான் நான்கு வருடம் படித்தேன்.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். கும்பகோணத்தில் பி.எஃப்.ஏ. ஓவியம் படித்தேன். கடைசி வருடம் ஐப்பசியில், தாளடி நடவுக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது. வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை. ஆதார் கார்டில் இருந்ததைப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். அது யாரோ ஒருத்தர் முகம்.

இருந்த நாளெல்லாம் அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். "என்னைய ஒரு படம் போடேன், பாப்பா."

"சும்மா இருங்கப்பா. மாடல்னா ஒரு மணி நேரம் அசையாம உக்காரணும். உங்களால முடியாது" என்பேன்.

முதல் வருடத்தில் ஒருநாள் காலில் சேற்றோடு, மஞ்சப்பையில் முறுக்கோடு கல்லூரி வாசலில் வந்து நின்றார். "இனிமே இங்க வராதீங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றே இந்த நாக்கு அழுகியிருக்கக் கூடாதா! அதற்குப் பிறகு அவர் வரவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்து திரும்பியதும், போர்ட்ரெய்ட் தேர்வுக்கு அவரையே வரைய உட்கார்ந்தேன். நெற்றி வரும், மூக்கு வராது. கண்ணை வரைந்தால் அது அந்த ஆதார் கண். கிழித்துக் கிழித்துப் போட்டேன். படிப்பே வேண்டாமென்று பெட்டியைக் கட்டினேன். சாயங்காலம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் முட்டி போட்டு, "ஆண்டவரே, அந்த முகத்தை ஒரே ஒரு தரம் காட்டும்" என்று கதறினேன்.

மறுநாள் அறைத்தோழி சுகன்யா தன் பழைய ஸ்கெட்ச் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். "அவசரப்பட்டுக் கிளம்பாத. இதுல ஒரு கிராமத்து ஆளு இருக்காரு, ரெஃபரன்ஸுக்கு வச்சுக்க."

திறந்தேன். அப்பா! காதோரத் தழும்பு, சிரிப்பை அடக்கும்போது ஒரு பக்கம் இறங்கும் வாய், எல்லாம் அப்படியே.

"இவர எங்கடி பாத்த?"

"ரெண்டாவது வருஷம். நம்ம காலேஜ் கேட்டுக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்ல அடிக்கடி நிப்பாரு. ஒருநாள் மாடலா உக்கார்றீங்களான்னு கேட்டேன். ஒரு மணி நேரம் ஆடாம அசையாம உக்காந்தாருடி. எம் பொண்ணும் படம் போடும்னாரு. எந்த காலேஜுன்னு கேட்டதுக்குச் சிரிச்சிட்டே பஸ் ஏறிட்டாரு."

நான் அலறிய அலறலில் ஹாஸ்டலே கூடிவிட்டது.

அந்த முகத்தைப் பார்த்து வரைந்தேன், தேறினேன். கண்காட்சிக்கு வந்த அம்மா படத்தின் முன்னால் நின்றார். "உரம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு இங்கதான் வந்து நின்னாராக்கும்" என்றார்.

நான் கேட்பதற்கு இரண்டு வருடம் முன்பே ஆண்டவர் அதை எடுத்து வைத்திருந்தார். அவருக்கு ஸ்தோத்திரம். இப்போதெல்லாம் யார் வரையச் சொன்னாலும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன். உங்களுக்கும் தொலைந்துபோனது ஏதாவது இருந்தால் அவரிடம் கேளுங்கள், தருவார். அழுகையும் சேர்ந்துதான் வரும், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வாசலில் யாராவது மஞ்சப்பையோடு வந்து நின்றால், முதலில் உள்ளே கூப்பிடுங்கள்.