பெருக்காத வீடு

கல்லூரியில் நான் எழுதி, நானே ஒளிப்பதிவு செய்த குறும்படம் இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது. கடைசி ஒரு நிமிஷத்துக்காகவே அவ்வப்போது போட்டுப் பார்ப்பேன்.

படத்தில் மகன் துபாய்க்குக் கிளம்பிப் போகிறான். தாய் வீட்டைப் பெருக்குகிறாள். பெருக்கும்போதே அழுகை வருகிறது. அந்தக் கண்ணை குளோசப்பில் எடுக்க வேண்டும் என்பது என் திட்டம். படமே அதை நம்பித்தான் இருந்தது. கேமராவை அன்று சாயங்காலமே கல்லூரியில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

தாயாக நடிக்க ஆள் கிடைக்காமல் சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டிலேயே என் அம்மாவை நிறுத்தினேன். மகனாக நடித்த வகுப்புத் தோழன் பெட்டியோடு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தான்.

"இப்ப பெருக்கும்மா" என்றேன்.

அம்மா அசையவில்லை. "ஏட்டி, பயணம் போன பிள்ள ஊர் போய்ச் சேருமுன்ன வீட்டப் பெருக்கலாமா?"

"அவன் எங்கம்மா போனான்? இந்தா, என் பின்னால நின்னு முறுக்கு திங்கான்."

"இருக்கட்டும். பெட்டியோட படி இறங்கிட்டான்லா?"

கெஞ்சினேன், கத்தினேன், தலையில் அடித்துக்கொண்டேன். ம்ஹூம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எக்கேடோ கெடட்டும் என்று லென்ஸை மாற்றி, கேமராவை வீட்டுக்குள் தள்ளி வைத்து ஓடவிட்டேன். "சும்மா நில்லு, போ!"

அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்தபடி நின்றாள். சுற்றிலும் வீட்டு இருட்டு, வாசல் வெளிச்சத்தில் சின்னதாக அம்மா. முகமே தெரியவில்லை.

வகுப்பில் போட்டுக் காட்டினேன். "முகத்தைக் காட்டாம விட்டது நல்ல யோசனைம்மா" என்றார் ஆசிரியர். கொஞ்சமும் வெட்கமில்லாமல் "ஆமா சார்" என்றேன்.

படிப்பு முடிந்து நான் சென்னைக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று, ரயிலைப் பிடிக்க ஏறிய பஸ் பேட்டை ஊரைத் தாண்டிய பிறகுதான் சார்ஜரை மறந்தது தெரிந்தது. ரயிலுக்கு நேரம் இருந்ததால் வீட்டுக்குத் திரும்பினேன். நான் தலைவாரி உதிர்த்த முடிகூடத் தரையில் அப்படியே கிடந்தது. ஒரு தூசி பொறுக்காத அம்மா அதன் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

சார்ஜரோடு மறுபடி படி இறங்கினேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தால், அம்மா அதே வாசலில் நின்றாள். நான் குளோசப்பில் எடுக்க ஆசைப்பட்ட முகம். என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை எழும்பூரில் இறங்கியதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் போன் போட்டேன்.

"அம்மா, வந்து சேந்துட்டேன். இனிப் பெருக்கு."

அம்மா போனை அணைக்காமலே கீழே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் துடைப்பச் சத்தம் கேட்டது.