தங்கச்சியின் படம்

யாராவது கைத்தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுக்கப் போனால், நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன். எந்தக் கலியாண வீட்டுப் படத்திலும் எனக்குக் கையே இருக்காது. "உம்மாவப் பொலிஸ் புடிச்சிக்கி வந்த மாதிரி இரிக்கி" என்று என் மூத்தவன் சிரிப்பான். நானும் சிரித்துவிட்டு, அடுப்பை அணைத்தேனா என்று இன்னொரு தரம் பார்க்கப் போய்விடுவேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. தங்கச்சிக்கு நாலு. வாப்பா எங்களை விட்டுப் போய் வேறு ஊரில் குடும்பமாகிவிட்டார். கல்முனையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில், உம்மாவின் காக்கா, அதாவது எங்கள் மாமா, தன் வளவுக்குள் கட்டித்தந்த இரண்டு அறையில் இருந்தோம். உம்மா தைத்தால்தான் சோறு.

அந்த ஓகஸ்ட் விடுமுறையில், தமிழ் ஆட்களின் பகுதியில் இருந்த ஒரு சேர்ச் வளவில் வெள்ளைக்காரப் பொடியன்களும் பெட்டைகளுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து இறங்கினார்கள். தங்கள் நாட்டிலிருந்து ஊழியத்துக்கு வந்தவர்களாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு, விளையாட்டு, கடதாசியில் பூ வெட்டுவது எல்லாம் பழக்குகிறார்களாம். அவர்கள் சொல்வதைத் தமிழில் சொல்லிக்கொடுத்தவ அங்கே ஞாயிறு வகுப்பு நடத்தும் டீச்சர். டீச்சருக்குப் பிளவுஸ் தைப்பது உம்மா. அப்படித்தான் நாங்கள் உள்ளே போனோம். தைத்ததைக் கொடுத்துவிட்டு வா என்று உம்மா என்னை அனுப்பினா, தங்கச்சி பின்னாலேயே வந்துவிட்டாள்.

"வந்தது வந்தாச்சி, கொஞ்சம் விளையாடிட்டுப் போங்க மகள்," என்றா டீச்சர். "உம்மாட்ட நான் சொல்லிக்கொள்றன்."

நான் கேற்றடியிலேயே நின்றேன். தங்கச்சி நிற்கவில்லை. வெயிலில் மூக்குச் சிவந்துபோன ஒரு பெட்டையிடம் நேரே போய், அவளுடைய மஞ்சள் தலைமயிரைப் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பெட்டை குந்தியிருந்து தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஐந்து நாளும் காலையில் கண் விழித்ததும் தங்கச்சிக்கு ஒரே கேள்விதான். "வெள்ள அக்காட்ட எப்ப போற?"

மாமாவுக்கு விசயம் தெரிந்தது இரண்டாம் நாள். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, பாதி பகிடியும் பாதி உண்மையுமாகச் சொன்னார். "பாட்டுப் படிங்க, பூ வெட்டுங்க. படம் எடுத்தா மட்டும் நிக்காதங்க. கொண்டுபோய் தங்கட நாட்டுல காட்டுவானுகள், இந்தா கல்முனையில இத்தின பேரு கிறிஸ்தவ வேதத்துல சேந்துட்டாங்க எண்டு. பொறகு பள்ளிவாசல் கொப்பியில இரிந்து உங்கட பேர வெட்டிப்போட்டிருவாங்க."

"சின்னப் புள்ளைகளுக்குப் பயங்காட்டாதங்க காக்கா," என்று உம்மா சிரித்தா. மாமாவும் சிரித்தார். தங்கச்சியும், விளங்காமலே, சிரித்தாள். நான் மட்டும், பெயர் வெட்டுப்பட்டால் குர்ஆன் ஓதப் போக முடியுமா, பெருநாளுக்குப் புதுச்சட்டை உண்டா, மவுத்தானால் எங்கே அடக்குவார்கள் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். யோசிப்பதில் நான் அப்போதே கெட்டிக்காரி.

கடைசி நாள் நல்லதாக உடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். டீச்சர் தைக்கத் தந்ததில் மிச்சம் வந்த நீலச் சீத்தைத் துணியில் உம்மா எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி முழுக்கைச் சட்டை தைத்து வைத்திருந்தா. தங்கச்சியுடையதை முடித்தபோது வெள்ளை நூல் தீர்ந்துபோய், என் சட்டைக் கையின் ஓரத்துக்கு மஞ்சள் நூலைப் போட்டுவிட்டா. நான் அழுதேன்.

"இவள் ஒருத்தி. சட்டைக் கையிர ஓரத்தப் போய் ஆரு பாக்கப்போறா?" என்றா உம்மா.

பாட்டெல்லாம் முடிந்ததும் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு பொடியன் கமராவோடு கதிரையில் ஏறினான். தங்கச்சி முன்வரிசையில், வெள்ளை அக்காவின் மடியில். நான் ஓடிப்போய்ப் பின்னால் நின்று அவளை இழுத்தேன். வரவில்லை. கிள்ளினேன். அப்போதும் வரவில்லை. பொடியன் புதிதாகப் பழகிய தமிழில் "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணினான். மூன்று என்னும்போது நான் தலையைக் குனிந்து, கையை முன்னால் நீட்டி, தங்கச்சியின் முகத்தைப் பொத்தினேன்.

இரண்டாம் தரம் எடுக்க முதல் அவளைத் தூக்கிக்கொண்டு கேற்றால் ஓடிவிட்டேன். வழியெல்லாம் அவள் என் தோளில் அடித்து அழுதாள். எனக்கோ பெரிய நிம்மதி. இரண்டு பேரின் பெயரையும் காப்பாற்றிவிட்டேன் அல்லவா.

மார்கழியில் கடல் வந்தது.

நான் கடற்கரைக்குத் தூரத்தில் இருந்த ஓதல் பள்ளியில் இருந்தேன். உம்மாவும் தங்கச்சியும் வீட்டில். உம்மாவைக் கால் நசுங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தங்கச்சியை மறுநாள் மாமாதான் கண்டெடுத்து, மற்றவர்களோடு சேர்த்து அடக்கிவிட்டு வந்தார். உம்மா பார்க்கவில்லை.

வீடு போனவர்களுக்குப் போட்ட முகாமில் எங்கள் கூடாரத்துக்கு உம்மா ஊன்றுகோலோடு வந்து இரண்டு கிழமை இருக்கும். "புள்ளட முகம் வருதில்ல காக்கா," என்று ஒருநாள் மாமாவிடம் சொன்னா. "கண்ண மூடினா காது வருது, கால் வருது. முகம் வருதில்ல. நீங்கதானே கடைசியாப் பாத்த. எப்படி இரிந்தா?"

"தூங்கின மாதிரித்தான்," என்று சொல்லிவிட்டு மாமா எழும்பி வெளியே போய்விட்டார். உம்மா திரும்பத் திரும்பக் கேட்டா. அவர் ஒவ்வொரு தரமும் அதையே சொல்லி ஒவ்வொரு தரமும் எழும்பிப் போனார்.

வீட்டில் இருந்த படமெல்லாம் வீட்டோடு போய்விட்டது. சொந்தக்காரரின் கலியாணப் படங்களும் அப்படித்தான். உம்மா தெரிந்த ஆட்களிடமெல்லாம் கேட்டனுப்பினா. ஒருவரிடமும் இல்லை.

மாசியில் வெள்ளைக்காரர்கள் திரும்பி, எங்கள் முகாமுக்கே வந்தார்கள். இந்தமுறை பாட்டோடு வாளியும் சவர்க்காரமும் கொண்டுவந்திருந்தார்கள். வெள்ளை அக்கா என்னைக் கண்டதும் ஓடிவந்து, என் இடுப்பளவில் கையை வைத்துக் காட்டி, அவள் எங்கே என்று கேட்டாள். நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் இங்கிலீசில் ஏதோ சொன்னா. அந்தப் பெட்டை மணலில் அப்படியே இருந்துவிட்டாள். கொஞ்சம் பொறுத்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு டீச்சரிடம் எதையோ சொன்னாள். டீச்சரின் முகம் மலர்ந்தது.

"உங்கட மகள்ற படம் இவட்ட இருக்காம்," என்றா உம்மாவிடம். "போன ஓகஸ்ட்ல எடுத்தது. அவங்கட நாட்டுச் சேர்ச் சுவரில பெரிசா ஒட்டியிருக்காம். தன்ட வீட்டாக்களுக்குச் சொல்லித் தபால்ல எடுத்துத் தாறாவாம்."

உம்மா ஊன்றுகோலைத் தேடாமல் எழும்பினா. அடுப்பை மூட்டி, இருந்த சீனி முழுவதையும் போட்டு அந்தப் பெட்டைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா. கடல் வந்ததற்குப் பிறகு உம்மா அடுப்படிக்குப் போனது அன்றுதான்.

"அப்ப சுவருலதான் ஒட்டிக் காட்டியிரிக்கானுகள்," என்றார் மாமா. ஒருவரும் சிரிக்கவில்லை. படம் வரும்வரைக்கும் தபால் கந்தோருக்கும் டீச்சர் வீட்டுக்கும் தினம் சைக்கிள் மிதித்தவர் அவர்தான்.

நான் சொல்லியிருக்கலாம். மூன்று கிழமை இருந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் உம்மா, "இண்டைக்கு வந்திரும்கா" என்பா. ஒவ்வொரு நாளும் நான், தபால்காரன் தொலைத்துவிட வேண்டும் என்று துஆக் கேட்டேன்.

வந்தது. தடித்த மட்டைக்குள், கொப்பி அளவில். உம்மா கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பிரித்தா. நீலச் சட்டை, வெறுங்கால், வெள்ளை அக்காவின் மடி. முகத்தில் ஒரு கை. விரல் இடுக்கால் ஒரே ஒரு கண் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

உம்மா நெடுநேரம் பார்த்தா. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டா. மாமாதான் பொறுக்க முடியாமல், "இது ஒரு விசயமா? டவுன்ல ஸ்டூடியோவுல குடுத்தா கையக் கழட்டித் தந்திருவானுகள்" என்றார்.

உம்மா என்னைக் கிட்ட இழுத்து என் மணிக்கட்டைப் பிடித்தா. "உன்ட நீலச் சட்டையும் தண்ணியோட போயிட்டு என்னகா?" என்று கேட்டா.

"ஓம் உம்மா, போயிட்டு," என்றேன். சட்டைக்காகக் கவலைப்படுகிறா என்று நினைத்தேன். கை யாருடையது என்று உம்மா கேட்கவில்லை. தெரியவில்லை போலும். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் ஸ்டூடியோக்காரன் கண்டுபிடித்தால்? அந்தப் பயம் வந்தபிறகு நிற்கவில்லை. அடுத்த நாள் பகல், உம்மா தண்ணீர் வரிசையில் நின்றபோது, மாமாவின் சவர பிளேட்டை எடுத்தேன். கையைச் சுரண்டி எடுத்துவிட்டால் அடியில் தங்கச்சியின் முகம் இருக்கும் என்று முழுசாக நம்பினேன். நான் பொத்தியபோது அங்கே முகம் இருந்ததே. உம்மாவுக்கு முகமும் கிடைக்கும், என் கையும் போய்விடும். படத்தில் தெரிந்த அந்தக் கண்ணில் பிளேட் படாமல், ஒவ்வொரு விரலாக, நுனியால் சுரண்டினேன். வெள்ளைக் கடதாசி வந்தது. இன்னும் ஆழத்தில் இருக்கும் என்று இன்னும் சுரண்டினேன்.

மாமாதான் முதலில் கண்டார். கையை ஓங்கிவிட்டார். "காக்கா! அவளுக்கு அடிக்காதங்க," என்று உம்மா வாளியைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு வந்தா. படத்தை எடுத்து, கடதாசித் தூளை மெதுவாக ஊதிவிட்டு, மட்டைக்குள் வைத்தா. அதற்குப் பிறகு ஸ்டூடியோவைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் திரும்பிப் போகவில்லை. உம்மாவுக்குக் காலால் மிதிக்க ஏலாது, நிவாரணமாகக் கிடைத்த தையல் மெஷினை நான் மிதித்தேன். இன்றைக்கு என் பிழைப்பும் அதுதான். பஸ்ஸில் முன்னால் நிற்பவள் போட்டிருப்பது நான் தைத்ததா என்று, தோள்மூட்டுத் தையலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தன் தையலை மறக்கிற தையல்காரி இல்லை.

போன வருசம் உம்மாவின் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்த மட்டை கையில் பட்டது. அத்தனை வருசமும் நான் திறந்து பார்க்காத மட்டை. வெள்ளையாகக் கிழிந்த இடத்தின் நடுவில் தங்கச்சியின் ஒரு கண். கையை ஒழுங்காகத்தான் சுரண்டியிருந்தேன், ஒரு விரல்கூட மிச்சமில்லை. மணிக்கட்டோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேலே நீலச் சீத்தை, ஓரத்தில் உம்மா போட்ட மஞ்சள் நூல்.