ஆண்மரம் பூத்த விளை

இரணியல் ரயில் நிலையத்தில் இறங்கியபோது இருட்டு பிரியவில்லை. விருதுநகரிலிருந்து உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. பிப்ரவரி மாதம். "மாவும் கொல்லாமரமும் பூத்து நிக்குது, வந்து பாரு ஏட்டி" என்று ஸ்டெல்லா போனில் அழைத்திருந்தாள். மதுரையில் வேலை பார்த்த காலத்தில் என்னோடு விடுதியில் ஒரே அறையில் இருந்தவள். இப்போது குலசேகரம் பக்கம் கணவரோடு விளை பார்க்கிறாள். தோட்டத்துக்கு இங்கே விளை என்றுதான் பேர்.

தக்கலைக்கு ஆட்டோவில் நூறு ரூபாய். அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் சொச்சம், பெண்களுக்குக் காசில்லாத டவுன் பஸ். திருவட்டாறு தாண்டியதும் வீட்டுக்கு வீடு மாமரம், இலை தெரியாமல் பூ. நான் வாயைப் பிளந்து பார்ப்பதைக் கண்ட பக்கத்து இருக்கை அம்மா, "பூவ நம்பாதீங்க. மஞ்சு எறங்கினா எல்லாம் கருகிப்போவும்" என்றார். மஞ்சு என்றால் மூடுபனி. காலையிலேயே நல்ல வார்த்தை.

ஒன்பது மணிக்கு ஸ்டெல்லாவும் நானும் விளைக்குள் இருந்தோம். முந்திரிப்பூவில் இளஞ்சிவப்புக் கோடுகள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். இதுதான் கொல்லாமரம். ஆனால் ஸ்டெல்லா அங்கே நிற்கவிடவில்லை. தென்னைகளுக்கு நடுவே நின்ற ஜாதிக்காய் மரங்களுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பூ குன்றிமணி அளவுதான், வெளிறிய மஞ்சள். இதற்காகவா இடுப்பைப் பறிகொடுத்தேன் என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "இதெல்லாம் பெண்மரம். பக்கத்தில ஒரு ஆண்மரமாவது நிக்கணும், இல்லேன்னா பூக்கும், உதுந்துபோவும். இங்க ரெண்டு நின்னுது. அவிய வெட்டிட்டாவ."

அவிய என்றால் கணவர் தங்கராஜ். பல வருடம் சவுதியில், தம்மாமில் இருந்துவிட்டு இரண்டு வருடத்துக்கு முன் திரும்பியவர். காய்க்காத மரம் எதற்கு இடத்தை அடைக்கிறது என்று, இவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, இரண்டையும் சாய்த்துவிட்டார். சுற்றிலும் ரப்பர்தான், அக்கம்பக்கத்தில் வேறு ஜாதிக்காய் மரம் கிடையாது. போன வருடம் ஒரு கூடை தேறவில்லை. இளைய மகளின் நர்சிங் படிப்பு இந்தக் காயை நம்பித்தான் நடக்கிறது.

மிச்சமிருந்த நம்பிக்கை கிணற்றடியில் நின்றது. தானாக முளைத்த ஏழு வயது மரம், இப்போதுதான் முதன்முதலாக மொட்டு விடுகிறது. ஆணா பெண்ணா என்பது பூத்தால்தான் தெரியும். புதிதாக நட்டால் இன்னொரு ஏழு வருடம். இரண்டு பெண்களைப் பெற்றபோது ஆண் வேண்டும் என்று ஒருநாளும் கேட்காதவள், ஒரு மரம் ஆணாக இருக்க வேண்டுமென்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

தங்கராஜ் ஏணி போட்டு ஏறினார். கீழே நாங்கள் இருவரும் அண்ணாந்து நின்றோம்.

"கொத்தா இருக்கா, ஒத்தையா இருக்கா?" என்று ஸ்டெல்லா கத்தினாள். பெண்பூ ஒன்றிரண்டாகத்தான் வருமாம்.

அவர் ஒரு கிளையை ஒடித்து நீட்டினார். கொத்து. அவள் ஒரு பூவை நகத்தால் கீறினாள். உள்ளே காயாகிற பிஞ்சு இல்லை, மகரந்தத் தண்டு மட்டும்.

"ஆணுட்டி!" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள். ஏணியில் நின்றவரை அவள் பார்க்கவேயில்லை.

மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். நான்கு மணிக்கு இருவரும் பஸ்ஸுக்கு என்னைக் கூட்டிவந்தார்கள். எங்கள் வீட்டு முருங்கை துணை கேட்காமலேயே காய்க்கிறது. அதை இத்தனை நாள் பெரிதாக நினைத்ததில்லை என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிக்கொண்டு நடந்தேன். முன்னால் போன தங்கராஜ் சாயாக்கடையில் நின்று, கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும், "நம்ம விளையில ஆண்மரம் பூத்திருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் சாயா போடவும் சொன்னார்.

ஸ்டெல்லா அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"ரெண்டு பிள்ளையும் பொறந்தப்ப நீங்க யாருக்கும் சாயா வாங்கிக் குடுக்கலியே."

தங்கராஜ் கையிலிருந்த கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"மரத்த வெட்டுனதும் தப்பு. அதுவும் தப்புதான் ஸ்டெல்லா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அவர் வைத்த கிளாஸை எடுத்து அவள் குடித்துக்கொண்டிருந்தாள்.