நிற்கும் நாற்காலியில் ஏலம் கூறியது

பாப்பா, தம்பி, இதை ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். தம்பிக்கு எட்டாத சொல் வந்தால் பாப்பா விளக்கிச் சொல்லட்டும். போன வாரம் சோறு தின்னும்போது தம்பி ஒன்று கேட்டான். "நாற்காலிதான் ஒங்களத் தூக்கி நிப்பாட்டுதுல்ல, அப்பறம் எதுக்குப்பா அதப் பாத்துப் பயப்படுறீங்க?" என்றான். நான் முள் எடுப்பதுபோலத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று பட்டது. எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். கரையில் ஏலம் கூற மறுபடியும் என்னைக் கூப்பிடுகிறார்கள். போனால் என் வேலை எனக்குத் திரும்பக் கிடைக்கும். போன இடத்தில் சென்ற தடவை மாதிரி நடந்தால் காலே போகலாம். வேலையா, காலா என்று யோசித்து யோசித்துத்தான் ராத்திரி நான் புரண்டுகொண்டே கிடப்பது. புரளக்கூட உங்கள் அம்மாவை எழுப்ப வேண்டும், அது வேறு.

ஐஸ் பெட்டி ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபடுவதற்கு முன்னால், நம் கரையில் ஏலம் கூறியது நான்தான். தம்பி அப்போது கைக்குழந்தை. கடலுக்குப் போன வல்லம் கரைக்கு வந்ததும் மீனைத் தார்ப்பாயில் கொட்டுவார்கள். வாங்குகிறவர்கள் சுற்றி நிற்பார்கள். யாரும் வாய் திறந்து விலை கேட்க மாட்டார்கள். ஒருவர் தாடையைச் சொறிவார், ஒருவர் துண்டை மாற்றிப் போடுவார், ஒரு அக்கா கூடையை இடுப்பு மாற்றி வைப்பாள். அதெல்லாம் விலைதான். ஏலம் கூறுகிறவனுக்கு மீனும் தெரிய வேண்டும், அத்தனை முகமும் தெரிய வேண்டும்.

விழுந்த பிறகு சாதாரண சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கூறிப் பார்த்தேன். என் கண்ணுக்கு நேராக எல்லார் இடுப்பும்தான் இருந்தது. கைலி மடிப்புக்கும் சேலை முந்திக்கும் நடுவில் ஒரு மீன் வால் தெரியும். யார் தாடையைச் சொறிந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? குரலும் எழும்பவில்லை. கூனி உட்கார்ந்தால் நெஞ்சு மடங்கிவிடுகிறது. சத்தம் முன்னால் நிற்பவரின் வயிற்றில் முட்டித் திரும்புகிறது. மரியாதைக்காகக் கொஞ்ச நாள் பொறுத்தார்கள். அப்புறம் வேறொருவர் கூற ஆரம்பித்தார். என்னைத் தராசுப் பக்கம் நிழலில் உட்காரச் சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனம் மூலமாக இந்த நாற்காலி வந்தது. உட்காரவும் செய்யலாம், நிற்கவும் செய்யலாம். கூடவே வந்த பிசியோ மேடம் மதுரைப் பக்கத்துப் பெண். எடுத்த எடுப்பில் ஏற்றிவிடவில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். "நிக்காத காலுல எலும்பு மெலிஞ்சு போயிரும்ணே. பாக்காம நிப்பாட்டுனா ஒடிஞ்சாலும் ஒங்களுக்குத் தெரியாது" என்றார். முதல் நாள் பாதி உயரம்தான் தூக்கினார். அதற்கே கண் இருட்டி, வியர்த்து, ஆஸ்பத்திரிச் சுவர் சாய்ந்தது. பல நாள் கழித்துத்தான் முழுதாக நின்றேன். முட்டிக்கு ஒரு தடுப்பு, நெஞ்சுக்கு ஒரு வார், காலுக்கு ஷூ. "இந்த மூணும் இல்லாம ஏறவே கூடாது" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

வீட்டில் முதல் தடவை நின்றபோது தம்பி அண்ணாந்து பார்த்து, "அப்பா, நீங்க அம்மாவ விட ஒசரமா?" என்று கேட்டான். உங்கள் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். பரணில் இருந்த மாவு டப்பாவை நானே எடுத்துக் கொடுத்தேன். அன்று அது போதுமாக இருந்தது.

பிறகு ஒரு நாள், என் கூட்டாளி, பாப்பா "மாமா" என்று கூப்பிடும் அந்தச் சம்மாட்டி, வீட்டுக்கு வந்தார். அவருக்குச் சொந்தமாக வல்லம் உண்டு.

"மாப்ள, ரோட்டுலேருந்து சிமெண்டுத் தளம் வரைக்கும் பலக போட்டுருக்கேன். மணலுல சக்கரம் புதையாது. வாரியா?"

"நின்னுக்கிட்டு நகர முடியாதே மச்சான். ஒரே எடத்துலதான் நிப்பேன்."

"நீ ஏன் நகரணும்? மீனு ஒங்கிட்ட வரும்லே."

போனேன். பலகையில் நாலு பேர் தள்ளினார்கள். பலகை ஒவ்வொன்றும் மணலில் அசையும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த நாற்காலி சாய்ந்தால் வாரில் கட்டிய ஆள் மரம் விழுவதுபோலத்தான் விழுவான், கையை ஊன்ற முடியாது. தளத்துக்கு வந்து சேர்ந்ததும் உயிர் வந்தது. அப்போது சம்மாட்டி என் காலைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"மாப்ள, மீனு கெடக்குற எடம்" என்று மெதுவாகச் சொன்னார்.

உங்களுக்கே தெரியும், நம் ஆட்கள் வல்லத்திலோ வலைமேலோ மீன் குவியல் பக்கமோ செருப்புக் காலோடு போக மாட்டார்கள். சோறு போடுகிற இடம். யாரும் சொல்லித் தருவதில்லை, கால் தானாக நின்று கழற்றிவிடும். சம்மாட்டி குனிந்து, மண்டியிட்டு, என் ஷூ நாடாவை அவிழ்த்தார். சாக்ஸையும் உருவி, ஷூவுக்குள் சுருட்டி வைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் என் காலைத் தொடுகிறாரே என்றுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. மேடம் சொன்னது நினைவுக்கே வரவில்லை. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

பிடியை இழுத்தேன். நாற்காலி என்னைத் தூக்கியது. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. கருவாட்டுக்கு மீன் எடுக்கும் அந்தப் பெரிய அக்காதான், பாப்பாவுக்கு நெத்திலி பொட்டலம் தருவாளே, அவள்தான் முதலில் பேசினாள்.

"மேலேருந்து ஏந் தலையில நரைய எண்ணாதப்பா. ஏலத்தக் கூறு."

சிரித்தார்கள். கூற ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நெஞ்சு நிமிர்ந்ததும் அது எங்கிருந்தோ வந்தது. தாடை தெரிந்தது, துண்டு தெரிந்தது, கடைசி வரிசையில் நின்று கூடையை மாற்றுகிறவள்கூடத் தெரிந்தாள். ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுக்கும்போது எல்லாக் கண்ணும் என் கண்ணுக்கு நேராக இருந்தது. நாலு வருசமாக எல்லாரும் என்னைக் குனிந்துதான் பார்த்தார்கள்.

ஒரு தடவைக்கு இவ்வளவுதான் நிற்கலாம் என்று மேடம் சொன்ன நேரம் முடிந்தபோது இன்னொரு வல்லம் கரை தட்டியது. சம்மாட்டி, "உக்காந்துக்க மாப்ள" என்றார். "இது ஒண்ணு மட்டும்" என்றேன். தளத்தை ஒட்டிய கொட்டகையின் நிழல் எங்களை விட்டு எப்போதோ விலகிப் போயிருந்தது. முட்டித் தடுப்புக்குள் கால் துள்ள ஆரம்பித்தது.

"காலு ஆடுதுப்பா" என்றாள் அக்கா.

"அது அப்படித்தான் ஆடும்க்கா, நம்ம சொல்லு கேக்காது."

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா காலில் ஒட்டியிருந்த செதிலைக் கழுவ உட்கார்ந்தாள். "இன்னைக்கு மொகமே வேறயா இருக்கே" என்று பேசிக்கொண்டே வலது காலைத் தூக்கியவள், பேச்சை நிறுத்திவிட்டாள். "என்னங்க, இங்கன பாருங்க" என்றாள். பாதம் முழுக்க வெளுத்து, நீர் கோத்து, நாற்காலி மிதிதட்டின் வரி வரியாக அச்சு விழுந்திருந்தது. இரும்புத் தட்டு. வெயிலில் காய்ந்த தட்டில் என் முழு எடையையும் வைத்து, வெறுங்காலோடு நின்றிருக்கிறேன். வலப் பக்கமே சாய்ந்து நின்றதால் இடது பாதம் சிவந்ததோடு தப்பியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போதும் வலிக்கவில்லை. வலிக்காததுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். சம்மாட்டியும் வந்தார். ஷூவை ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியிலேயே வைத்திருந்தார். மேடம் காலைப் பார்த்துவிட்டு, "ஷூ எங்கண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

சம்மாட்டி பையை நீட்டினார். "நாந்தேன் கழட்டுனேன் மேடம். மீனு கெடக்குற எடத்துக்கு நாங்க செருப்போட போறதில்ல."

மேடம் திட்டவில்லை. "அந்தத் தட்டு வெயில்ல தோசக்கல்லுண்ணே. ஒங்க காலு பட்டா தன்னால எடுத்துரும். அவரு காலு எடுக்குமா?" என்றார். சம்மாட்டி பையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேடம் என்னிடம், "கால் துள்ளுச்சா?" என்று கேட்டார். துள்ளியது என்றேன். சுடுவதற்கும் கால் அப்படித் துள்ளும், இனிமேல் துள்ளினால் உடனே உட்கார்ந்து காலைப் பார்க்க வேண்டும் என்றார்.

அசையாத காலில் ரத்தம் மெதுவாகத்தான் வருமாம். அதனால் புண்ணும் மெதுவாகத்தான் ஆறும். ஆறாமல் உள்ளே இறங்கிவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை உங்களுக்குச் சொல்லவில்லை. தினமும் கட்டு அவிழ்க்கும்போது நான் காலைப் பார்க்க மாட்டேன். உங்கள் அம்மாவின் முகத்தைத்தான் பார்ப்பேன். புருவம் நெரிந்தால் கூரையைப் பார்த்துக்கொள்வேன். கறுத்திருக்கிறதா, வாடை வருகிறதா என்று வாய்விட்டுக் கேட்கவும் பயம். பாப்பா ஜெபமாலை சொல்லும்போது நடுவில் நிறுத்தி என் கட்டையே பார்ப்பாள். அதையும் பார்க்காதவன்போல இருந்தேன்.

நாற்காலி மூலையில் போர்வைக்குள் கிடந்தது. நிற்காமல் படுத்துக் கிடந்த அந்த நாட்களில்தான் அது எனக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று விளங்கியது. கால் பழையபடி கட்டையாக விறைத்தது. ஒன்றுக்குப் போவதும் வெளிக்குப் போவதும் மறுபடி பாடாய்ப் படுத்தியது. இருமினால் சளி மேலே வரவில்லை. இடுப்பில் படுக்கைப் புண் வந்துவிடுமோ என்று அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

தம்பி, அதனால் நாற்காலியைப் பொல்லாதது என்று நினைத்துவிடாதே. அது நல்லது செய்கிறது. ஆனால் செத்த நரம்பை எழுப்பாது. நடக்க வைக்காது. சாதாரண ஆட்டோவில் ஏறாது, நம் அடுப்படி வாசலில் நுழையாது, மணலில் தனியாகப் போகாது. என்னைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். நிற்கிற கால் சுடுகிறதா, நசுங்குகிறதா என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

புண் ஆறிவிட்டது. கட்டு இல்லை. எக்ஸ்ரேயும் மறுபடி பார்த்துவிட்டு, ஷூ போட்டு, நிழலில், நடுநடுவே உட்கார்ந்து நிற்கலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். அதைக் கேள்விப்பட்டுத்தான் முந்தாநாள் சம்மாட்டியும் கருவாட்டுக்கார அக்காவும் வந்தார்கள். நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள்.

"மாப்ள, ஷூவோட வா. கழட்டச் சொன்ன வாயாலயே சொல்றேன்" என்றார் சம்மாட்டி.

"மத்தவுக என்ன சொல்லுவாக மச்சான்? மீனுக்கு முன்னால..."

அக்கா குறுக்கே விழுந்தாள். "மாதா கோயிலுக்கு நம்மள வெளிய கழட்டிட்டு வரச் சொல்லிட்டு, சாமியாரு செருப்போடதானப்பா பூச வைக்கிறாரு. அவருக்கு ஒட்டாத பாவம் ஒனக்கு மட்டும் ஒட்டிக்கிருமா?"

சம்மாட்டி சிலுவை போட்டுக்கொண்டே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சரி, திங்கட்கிழமை வாரேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போன பிறகு சிரிப்பும் போய்விட்டது. ஷூவுக்குள் ஒரு மணல் பொடி கிடந்தாலும் அது அறுக்கும், எனக்குத் தெரியாது. தட்டில் கால் கோணலாக இருந்தாலும் தெரியாது. இன்னொரு வல்லம் வந்தால் உட்கார்ந்துவிடுவேனா என்றும் எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் பார்க்க எந்நேரமும் உங்கள் அம்மா கரைக்கு வர முடியாது. நீங்களும் வரக் கூடாது, படிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான். கதவைச் சாத்தினேன். குனிந்து, வலது காலை ரெண்டு கையாலும் தூக்கி இடது தொடைமேல் போட்டேன். கனமாக இருந்தது. விழுந்ததிலிருந்து அந்தப் பாதத்தை நானாக எடுத்துப் பார்த்ததே இல்லை. ஆறின இடம் இளஞ்சிவப்பாக, பிறந்த குழந்தையின் தோல்போல வழவழவென்று இருந்தது. குதிகாலிலிருந்து பெருவிரல் வரைக்கும் உள்ளங்கையால் தடவினேன். ஒவ்வொரு விரலாக விரித்து இடுக்கில் பார்த்தேன். ஒன்றுமில்லை. அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு இடது காலைத் தூக்கினேன்.